வாசலுக்கு எதற்குப் பைன் மரம், கண்ணுகளா?



பதிவு கொஞ்சம் நீளம். "டீச்சர் ரிட்டயர்டு ஆகியும் மணி அடித்த பிறகு பாடம் நடத்துவதை விடவில்லை" என்று சிரித்துக்கொண்டாவது முழுசாகப் படித்துவிடுங்கள். அப்புறம் சண்டைக்கு வரலாம்.

பத்து நாளாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தலைதான் உருள்கிறது. விஷயம் இதுதான். அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய சாளையை இடித்துவிட்டு என் தம்பி மகன் புது வீடு கட்டியிருக்கிறான். போன ஆவணியில் புதுவீடு புகுந்தார்கள். வீடு நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். வாசலில் காம்பவுண்டு ஓரமாக வரிசையாக ஆறு 'பைன் மரம்' நட்டிருக்கிறான். ஒன்று 1,800 ரூபாயாம். இப்போது அவை நெஞ்சு உயரம் வந்துவிட்டன என்று போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, "ஊட்டியாட்டம் இருக்குதுங்களா?" என்று கேட்டிருந்தான். எல்லோரும் இதயம் போட்டார்கள். நான் மட்டும், "அதே இடத்தில நம்ம வேப்பமரம் இருந்துச்சே கண்ணு" என்று ஒரு வரி எழுதினேன்.

அவ்வளவுதான். "அத்தைக்கு எதைச் செஞ்சாலும் குத்தம்", "அவங்கவங்க வீடு, அவங்கவங்க இஷ்டம்", "மரம் நடறது நல்லதுதானுங்களே" என்று ஆளுக்கு ஒன்று. சின்னவர்கள் பேசியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, சரவணம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, "டீச்சர், நானும் இதையே நாலு வாங்கலாம்னு இருக்கேன், எந்த நர்சரின்னு கேட்டுச் சொல்லுங்க" என்று போன் செய்தாள். அதனால்தான் இனிக் குழுவுக்குள் பேசிப் பயனில்லை என்று இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்காமல் நடுவது நல்ல காரியம் ஆகாது. கொங்குச் சமவெளியில், வீட்டு வாசலில், இந்தப் 'பைன்' வேண்டாம்.

முதலில் இது பைனே இல்லை

நர்சரியில் 'பைன்' என்றும் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்றும் சொல்லி விற்கிறார்களே, அடுக்கடுக்காகக் குடை விரித்த மாதிரி நேராக வளருமே, அதன் பெயர் அரகேரியா. பெரும்பாலும் இரண்டு வகை வருகின்றன. ஒன்று நார்ஃபோக் தீவு மரம். இன்னொன்று குக் பைன், அது நியூ கலிடோனியா என்ற தீவிலிருந்து வந்தது. இரண்டும் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் தீவுகள். 1774-ல் கேப்டன் ஜேம்ஸ் குக் தன் இரண்டாம் கடற்பயணத்தில் இவற்றைப் பார்த்தார். உயரமாக, நேராக இருக்கிறதே, கப்பலுக்குப் பாய்மரம் ஆகும் என்றுதான் அந்தக் காலத்து மாலுமிகள் கண் வைத்தார்கள்.

உண்மையான பைன் வேறு குடும்பம். அதில் ஊசி இலைகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக ஒரே காம்பிலிருந்து வரும். இமயமலைச் சாரலில் இருக்கும் சீர் பைன் அப்படி. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் தலைகுந்தாப் பக்கம் எல்லோரும் இறங்கி போட்டோ எடுக்கிறோமே, அதுவும் உண்மையான பைன்தான். ஆனால் யாரோ கொண்டுவந்து நட்ட பைன். தென்னிந்தியாவில் தானாக முளைத்த பைன் ஒன்றுகூடக் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான், போடோகார்பஸ் வகை. அதற்கும் ஊசி இலை இல்லை, அகல இலை. அதுவும் ஆனைமலை, அகத்தியமலை போன்ற மழைக்காட்டு உயரத்தில் இருக்கிறது, அன்னூரில் இல்லை.

நார்ஃபோக் தீவில் வெயில் 30 டிகிரியைத் தொடுவதில்லை. வருஷம் முழுக்க ஈரக் கடல்காற்று. நம் ஊர்ச் சித்திரை வெயில் உங்களுக்கே தெரியும். அந்த மரத்தை இங்கே உயிரோடு வைத்திருக்க, முதல் சில வருஷங்களுக்காவது போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் காற்று வருகிற ஊரில் இது தேவையா?

பிழைத்துக்கொண்டாலும் வேறு தொல்லை. சொந்த ஊரில் 50 மீட்டருக்கு மேல் வளரும் ஜாதி அது. வாங்கும்போது நாலடி, பார்க்க அழகு. வேர் பிடித்து மண்ணுக்குள் இறங்கிவிட்டால் மாடியைத் தாண்டும், கரண்ட் கம்பியைத் தாண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, நுனியை வெட்டிவிடலாம் என்றால், அந்தக் கோபுர அழகுக்காகத்தானே வாங்கினீர்கள்? வெட்டினால் அது போச்சு.

இன்னொரு வேடிக்கை. குக் பைன் உலகத்தில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையைப் பார்த்துச் சாய்கிறது என்று 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். வடக்கு அரைக்கோளத்தில் தெற்கே சாயும், தெற்கு அரைக்கோளத்தில் வடக்கே சாயும். வாஸ்து பார்த்து வாசற்படியை அரையடி நகர்த்தி வைக்கிற நம் ஆட்கள் இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூக்காத மரம், காய்க்காத மரம்

ஏழாம் வகுப்பில் நான் நடத்திய பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள். பூக்கும் தாவரம், பூவாத் தாவரம். பைனும் அரகேரியாவும் பூவாதவை. அவற்றில் இருப்பது கூம்பு. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். அதனால் தேனீயைக் கூப்பிட அவற்றுக்கு அவசியமே இல்லை. தேன் கிடையாது, நம் பறவைகளுக்குச் சதைப்பழம் கிடையாது.

எங்கள் வேப்பமரத்தில் பங்குனி பிறந்தால் பூ. வாசல் முழுக்க வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். அம்மா கூட்டி அள்ளிக் காயவைத்து ரசத்துக்கு வைத்துக்கொள்வார். தேனீக்கள் பொழுதன்றைக்கும் ரீங்காரம் போடும். ஆனியில் பழம். மைனா, குயில், காக்காய், ராத்திரியில் வௌவால். கீழே விழுந்த கொட்டையைப் பொறுக்கி விற்றுத்தான் நானும் தம்பியும் அவிநாசித் தேருக்குக் கைச்செலவுக் காசு சேர்ப்போம். அம்மா கடைசி ஆறு வருஷம் அந்த நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத்தான் பகலைக் கழித்தார். மதியம் வீட்டுக்குள் வேகும், அங்கே காற்று வரும்.

இந்த ஆறு பைனும் சேர்ந்து ஒரு கட்டிலுக்கு நிழல் தருமா? ஒரு குருவிக்கு ஒரு பழம் தருமா? எப்போதாவது ஒரு புறா கூடு கட்டலாம். அவ்வளவுதான்.

நீங்கள் சொல்கிற காரணங்கள்

எதிர்க்கட்சி வாதத்தையும் வைக்காவிட்டால் அது நியாயம் ஆகாது.

"அத்தைங்க, வேப்பமரம் கருகிப் போயிருச்சுங்க, அதனாலதான் வெட்டினோம்" என்றான் தம்பி மகன். அவன் பொய் சொல்லவில்லை. சில வருஷமாக மார்கழி, தை மாதங்களில் கொங்கு நாடு முழுக்க வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, தீயில் வாட்டிய மாதிரி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும், கூடவே ஒரு பூஞ்சாணமும் செய்கிற வேலை அது. பார்க்க மரமே செத்துப்போன மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலான மரங்கள் சாவதில்லை. கோடை மழை ஒன்று விழுந்தால் மறுபடி துளிர்க்கின்றன. எங்கள் தோட்டத்துக்கு இந்தக்கட்ட, பங்காளி காட்டில் நின்ற வேப்பமரமும் அதே மார்கழியில் கருகியதுதான். சித்திரையில் செந்துளிர் விட்டு, இன்று பச்சைப் பசேல் என்று நிற்கிறது. எங்கள் மரத்துக்கு அந்த மூன்று மாதம் கிடைக்கவில்லை. தையில் மெஷின் வைத்து அறுத்துவிட்டார்கள். காய்ச்சல் வந்த ஆளைப் பார்த்து, 'இனித் தேறாது' என்று தூக்கிக்கொண்டு போவோமா?

"இலை கொட்டுதுங்க, தினம் கூட்ட முடியல" என்பது அடுத்த காரணம். பைன் கொட்டாது என்று யார் சொன்னது? அரகேரியா சிறு கிளையையே முழுசாகக் காயவைத்து உதிர்க்கும். முள்ளு முள்ளாகக் காலில் குத்தும், லேசில் மக்காது. வேப்பிலையைக் கூட்டிக் குழியில் போட்டால் எருவாகும், நெல்லுக்கும் பருப்புக்கும் நடுவில் போட்டால் வண்டு அண்டாது. கூட்டுவதற்குக் கூலி யார் தருகிறார்கள் என்று பாருங்கள்.

"வேர் சுவரைப் பிளக்குதுங்க." இது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். காம்பவுண்டுக்கு மூன்றடியில் வேம்போ அரசோ வைத்தால் பிளக்கத்தான் செய்யும். இடம் இல்லாதவர்கள் பெரிய மரம் வைக்க வேண்டாம். அதற்குச் சின்ன மரங்கள் இருக்கின்றன, கடைசியில் சொல்கிறேன். ஆனால் 50 மீட்டர் ஜாதியைச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு வேப்பமரத்தின் வேரைப் பற்றிப் பேசக் கூடாது.

"கிறிஸ்துமஸுக்கு வேணுங்க டீச்சர்" என்று என் கிறிஸ்தவப் பிள்ளைகள் கேட்டால், தாராளமாக ஒன்றை வாங்கித் தொட்டியில் வையுங்கள். நட்சத்திரம் கட்டுங்கள், எனக்கும் கேக் அனுப்புங்கள். வருஷா வருஷம் அதே செடி தொட்டியிலேயே இருக்கட்டும். என் சண்டை பண்டிகையோடு இல்லை.

மலையில் நடந்த கதை

"நாலு மரம் நட்டா என்னங்க ஆகிரும்?" என்கிறீர்கள். நாலு மரத்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது? ஊட்டியில் பார்த்த பைன் காடு அழகு, அதில் ஒரு துண்டு நம் வாசலுக்கு வேண்டும் என்பதுதானே? அந்த அழகுக்கு என்ன விலை கொடுத்தோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீலகிரி உச்சியும் பழனி மலை உச்சியும் முன்பு இப்படி இல்லை. மேடெல்லாம் புல்வெளி, பள்ளங்களில் சோலை. மழை பெய்தால் அந்தப் புல்லும் அடியில் இருக்கும் கறுப்பு மண்ணும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். தோடர்களின் எருமைகள் மேய்ந்தது அந்தப் புல்வெளியில். நம் மாநில விலங்கான வரையாடு வாழ்வதும் புல்வெளியில்தான்.

வெள்ளைக்காரர்களுக்குப் புல்வெளி வெறும் தரிசாகத் தெரிந்தது. 1843-ல் தைலமரம் வந்தது, சீகையும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்களே இன்னும் வேகமாக நட்டார்கள். விஸ்கோஸ் நூலுக்கு மரக்கூழ் வேண்டும், சிறுமுகை ஆலைக்கு மரம் வேண்டும் என்று மலை மலையாகத் தைலமும் சீகையும். கூடவே மெக்சிகோவிலிருந்து வந்த பைன். பைன் காட்டுக்குள் போனவர்கள் தரையைக் கவனித்திருக்கிறீர்களா? ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கும். அடியில் புல் இல்லை, செடி இல்லை. அங்கே வரையாட்டுக்கு மேய என்ன இருக்கிறது?

தண்ணீர் என்ன ஆனது? ஊட்டியில் இருக்கும் மத்திய அரசின் மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கன் பக்கம் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள், இன்னொன்றில் தைலமரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்திலேயே மரம் நட்ட பக்கம் ஓடைத் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. பைனும் இப்படித்தான் என்பதைத் தென்னாப்பிரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கேயும் மலைப் புல்வெளியில் பைனை நட்டார்கள், ஆறுகள் மெலிந்தன. 1995-ல் அந்த அரசாங்கமே 'தண்ணீருக்காக உழைப்போம்' என்று ஒரு திட்டம் போட்டு, ஏழை ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, பைன், தைலம், சீகை எல்லாவற்றையும் வெட்ட ஆரம்பித்தது.

நீலகிரித் தண்ணீர் எங்கே வருகிறது? பவானிக்கு வருகிறது. பில்லூரில் தேங்கி, கோயம்புத்தூர்க்காரர்களின் குடத்துக்கு வருகிறது. அன்னூர், அவிநாசிப் பக்கத்துக்காரர்களே, நாம் அந்தப் பவானித் தண்ணீருக்காக 60 வருஷத்துக்கு மேல் மனுக் கொடுத்து, ஊர்வலம் போய், உண்ணாவிரதம் இருந்து, 2024 ஆகஸ்ட்டில்தான் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டதைப் பார்த்தோம். 1,045 குளம் குட்டைகளுக்கு உபரித் தண்ணீர். எங்கள் ஊர்க் குட்டையில் தண்ணீர் வந்த அன்று பொம்பளைகள் பூத்தூவிக் கும்பிட்டார்கள். இந்தத் தண்ணீர் கிளம்புகிற இடத்தைக் கெடுத்த ஜாதி மரங்களில் ஒன்றைத்தான் அழகு என்று நம் கண் பழகியிருக்கிறது. அதே மாதிரி ஒன்றை வாசலில் நட்டு, அத்திக்கடவுத் தண்ணீர் வந்த ஊரில் போரைப் போட்டு ஊற்றுகிறோம்.

2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஒரு தலைமுறை காசு கொடுத்து நட்டதை அடுத்த தலைமுறை காசு கொடுத்துப் பிடுங்குகிறது.

என் பங்கு

இங்கே என் தப்பையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் பழைய மாணவர்களே கமெண்டில் வந்து கேட்பார்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. 1986 என்று நினைவு. சமூகக் காடு வளர்ப்பு என்று ஊரெல்லாம் நாற்றுக் கொடுத்த காலம். எங்கள் பள்ளிக்கும் தைலமர நாற்று வந்தது. நான் இருபத்து மூணு வயசுக்காரி, எல்லாவற்றிலும் உற்சாகம். என்ன மரம், ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமக்கவைத்து, மைதானத்தைச் சுற்றி வளர்த்தேன். 'பசுமைப் பள்ளி' என்று கைதட்டல் வாங்கினேன்.

மரம் வளர்ந்தது. நிழல் மட்டும் விழவில்லை. பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு, தைலமரங்களைத் தாண்டிப் போய், சமையல்கூடத்துக்குப் பின்னால் தானாக முளைத்திருந்த ஒற்றைப் பூவரசு மரத்தடியில்தான் நெருக்கியடித்து உட்காருவார்கள். சில வருஷத்தில் அந்தக் கிணறும் வற்றியது. மரம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், சுற்றிலும் போர் போட ஆரம்பித்த காலம் அது. ஆனால் தோட்டத்துக்கார அம்மா என்னிடம், "டீச்சருங்க, உங்க மரம் குடிச்சது போகத்தானுங்க எங்களுக்கு" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அன்று குடம் சுமந்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தப்பான மரத்தைக் கொடுத்தவள் நான். அதனால்தான் இப்போது வாயை மூடிக்கொண்டு இதயம் போட முடியவில்லை.

வெளிநாடு என்பதாலா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், தக்காளியும் மிளகாயும் வெளிநாடுதானே? கம்போடியாப் பருத்தி வரலைன்னா கோயம்புத்தூர்ல மில்லு ஏது?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்திலேயே இப்படிக் கேட்டிருந்தால் இன்னும் பத்து மார்க் போட்டிருப்பேன். என் வாதம் வெளிநாடு, உள்நாடு என்பது இல்லை. புளியமரம்கூட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்கிறார்கள். அது நம் மண்ணில் நிழல் தந்தது, குழம்புக்குப் புளி தந்தது, சாலை ஓரமெல்லாம் வண்டிமாட்டுக்கு இடம் தந்தது. மிளகாய் நமக்குச் சோறு போட்டது. வந்த விருந்தாளி வேலை செய்தால் வீட்டு ஆள். இந்தப் பைன் நம் தண்ணீரைக் குடித்துவிட்டு, போட்டோவுக்கு நிற்பதைத் தவிர என்ன செய்கிறது?

ஃபேஷனை நம்பி நட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோனோகார்பஸ் சாட்சி. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் கேட்டட் கம்யூனிட்டி, கல்லூரி, ரோட்டு நடு என்று எங்கே பார்த்தாலும் அதுதான். சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சை, ஆடு கடிக்காது என்று சொன்னார்கள். பைனுக்குச் சொல்கிற பாட்டும் கிட்டத்தட்ட அதேதான். 2023-ல் குஜராத் அரசு அதை நடத் தடை போட்டது. 2025 ஜனவரியில் நம் அரசும் தடை போட்டது. பைனுக்குத் தடை எதுவும் இல்லை, சட்டம் பேச நான் வரவில்லை. சட்டம் வந்துதான் நமக்குப் புத்தி வர வேண்டுமா என்று கேட்கிறேன்.

அப்படியானால் எதை நடுவது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வாத்தியார் வேலை ஆகாது.

நம் பாட்டன்மாரின் கொறங்காட்டை நினைத்துப் பாருங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். அதிக மழை இல்லாத மண்ணில், ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல், காங்கேயம் மாட்டை வளர்த்தார்கள். வேலன் காய் ஆட்டுக்கு, நிழல் மாட்டுக்கு, பூ தேனீக்கு. அதற்கு மேல் என்ன அழகு வேண்டும்?

வெறும் இரண்டு மூன்று சென்ட் இடம் என்றால்: கறிவேப்பிலை, செம்பருத்தி, மருதாணி, பவளமல்லி, எலுமிச்சை. சுவர் பிளக்காது.

ஐந்து சென்ட், பத்து சென்ட் என்றால்: முருங்கை, புங்கன், மந்தாரை, சரக்கொன்றை. புங்கன் நிழலுக்கு ஈடு கிடையாது, பூத்தால் தேனீ மொய்க்கும். கொன்றை சித்திரையில் மஞ்சளாகத் தொங்கும்போது போட்டோ எடுத்துப் போடுங்கள், முதல் இதயம் நான் போடுகிறேன்.

"நெட்டுக்குத்தாக, வரிசையாக, எப்போதும் பச்சையாகத்தான் வேண்டும்" என்பவர்களுக்கு நெட்டிலிங்கம் இருக்கிறது. உயரமாக, ஒடுக்கமாக நிற்கும். பழத்துக்குக் குயிலும் வௌவாலும் வரும்.

தோட்டம் உள்ளவர்களுக்கு: வேம்பு, நாவல், இலுப்பை, வாகை, பூவரசு, பனை. வேலிக்குக் கிளுவைப் போத்து. சுவரிலிருந்து பதினைந்து இருபதடி தள்ளி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எடுத்து வைத்துவிட்டால் பாதித் தண்ணீரை வானமே ஊற்றிவிடும். நாற்று, வனத்துறை நாற்றங்கால்களில் மலிவாகவே கிடைக்கும். 1,800 ரூபாய் வேண்டியதில்லை.

பேரன் பேத்திகளை மால் மாலாகக் கூட்டிப் போகிறீர்களே, ஒரு நாள் கௌலி பிரவுன் ரோட்டில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். 1902-ல் ஆரம்பித்தது. எந்த மரம் எப்படி இருக்கும் என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கடைசியாக, தம்பி மகனுக்கு

கண்ணு, நீ உழைத்துக் கட்டிய வீடு. அதில் அத்தைக்குப் பெருமைதான். புதுவீட்டு விசேஷத்தன்று எல்லோர் முன்னாலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தது தப்பு. அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் மரத்தைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன்.

போன தைப் பொங்கலுக்கு முதல் நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கும். காப்புக் கட்ட வேண்டும். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. நம் தோட்டத்தில் மூன்றில் ஒன்றும் இல்லை. நீ அன்னூர்ச் சந்தைக்குப் போய் வேப்பிலைக் கொத்து 20 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தாய். வண்டியை விட்டு இறங்கும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. உங்கப்பாரு மட்டும், "வேப்பிலையக் காசு குடுத்து வாங்கறாப்ல ஆகிப்போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த ஆறு செடியையும் பிடுங்கி எறி என்று சொல்லவில்லை. சின்னதாக இருக்கும்போதே பெரிய தொட்டிக்கு மாற்றி மாடியில் வை, இல்லாவிட்டால் வேண்டுகிறவர்களுக்குக் கொடு. பங்காளி காட்டு வேப்பமரத்தடியில் இந்த ஆனியில் பழம் கொட்டிக் கிடக்கிறது. நான் பத்துக் கொட்டை பொறுக்கிப் பையில் மண் போட்டு ஊன்றி வைத்திருக்கிறேன். வேப்பங்கொட்டை விழுந்த கையோடு ஊன்றினால்தான் முளைக்கும், வைத்திருந்தால் முளைப்புப் போய்விடும். ஐப்பசிக்குள் முழ உயரம் வரும்.

அதில் ஒன்று உன் வாசலுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். குழி நீயே எடு. எந்த இடம் என்று உனக்குத் தெரியும்.

மற்றப் பிள்ளைகளே, மீதி ஒன்பது இருக்கிறது. சரவணம்பட்டிக்காரி ஏற்கெனவே ஒன்று கேட்டுவிட்டாள். பைன் வாங்க எடுத்து வைத்த பணத்தில் மகளுக்குப் புத்தகம் வாங்கித் தருகிறாளாம். வேண்டுபவர்கள் கீழே எழுதுங்கள். சண்டை போட விரும்புபவர்களும் கீழேயே எழுதலாம், பிழை திருத்திப் பதில் தருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்